பம்ப் பெட்டியின் மேல் ஒரு நிமிடம்

தூரப் பயணத்துக்கு முன் உக்ரைன் வழக்கப்படி, ஊர் திரும்பும் குழுவினர் எல்லோரும் வண்டிக்குள் ஒரு நிமிடம் வாய்மூடி உட்கார்ந்தார்கள். மக்கார் மட்டும் உட்காரவில்லை. போலந்து நகரசபை வாசலில் ஐரோப்பியக் கொடியின் கீழே நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். ஸொரியானா வண்டியிலிருந்து இறங்கி அவனிடம் போனாள்.

உக்ரைனில் அவர்கள் ஊர் நகராட்சியின் அயல்நாட்டு உறவுப் பிரிவு என்றால் அவள் ஒருத்திதான். இரண்டு வருடம் கடிதம் எழுதி எழுதி இந்த ஊரோடு ஒப்பந்தம் போட வைத்திருந்தாள். அதன் முதல் பலனாக வண்டியின் பின்னால் ஒரு புது பம்ப் பெட்டியில் இருந்தது. குண்டு விழுந்து பாதியாகிப்போன குடிநீர் நிலையத்தை ஓட்டத் தெரிந்தவன் மக்கார்தான். அந்த வேலைக்காகவே அவனுக்குப் போர்க்காலக் கட்டாயப் படைச் சேவையிலிருந்து விலக்கு. அவன் திரும்பி வருவான் என்று எழுதிக் கொடுத்து அழைத்து வந்தவளும் அவளே.

"ஏறுப்பா."

"இங்க சைரனே இல்ல, கவனிச்சீங்களா மேடம்? எங்க அக்கா வார்சாவுலதான் இருக்கா. நான் வரலேன்னா?"

"என் வேலை போகும். போனாப் போகுது. இனி நம்ம ஊர் ஆம்பளைங்க ஒருத்தரையும் வெளிய விடமாட்டாங்க. பம்பும் பெட்டிக்குள்ளயே கெடக்கும். கெஞ்சிக் கேக்கறேன், மக்கார்."

அவன் சிகரெட்டை மிதித்து அணைத்தான். "ஐரோப்பாவுக்குள்ள போகணும்னு நேத்து கையெழுத்துப் போட்டீங்க. இன்னிக்கு என்னை வெளிய இழுக்கறீங்க. நல்ல ஆள்" என்று முனகிக்கொண்டே ஏறினான்.

ஆனாலும் அவள் கலக்கம் அடங்கவில்லை. எதையோ விட்டுவிட்டோம் என்று வழியெல்லாம் மனசு அரித்தது. ஏறிவிட்டானே, இன்னும் என்ன பயம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

எல்லையில் உக்ரைன் காவலர் மக்காரின் காகிதங்களை இரண்டு முறை பார்த்தார். "விலக்கு முந்தாநாளே முடிஞ்சிருக்கே. நகராட்சி புதுப்பிக்கலையா?"

அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஊரிலிருந்து கிளம்புவதற்கு முந்தின நாள் அவள் மேசையில் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்று போலந்துக் கோப்பு: விழா உரை, பரிசாகத் தரும் பூவேலைத் துண்டு, கொடிகள். மற்றது, புதுப்பிக்கச் சொல்லி அவள் அனுப்ப வேண்டிய படை விலக்குப் பட்டியல். திரும்பி வந்து அனுப்பிக்கொள்ளலாம் என்று அதை இழுப்பறைக்குள் வைத்துவிட்டாள். பட்டியலில் முதல் பெயரே அவனுடையது.

மரத்தடியில் இருந்த இரண்டு சிப்பாய்கள் எழுந்து வந்தார்கள்.

"என் தப்புங்க. நாளைக்கே அனுப்பிடறேன். ஒருநாள் பொறுங்க."

"அனுப்புங்க. வந்தா பாத்துக்கலாம். இப்ப இவர் எங்ககூடப் படை முகாமுக்கு வரணும்" என்றான் ஒரு சிப்பாய்.

மக்கார் அவள் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும்.

"நெலையத்துல பம்பை மாட்டினதும் நீல வால்வைக் கடைசியாத்தான் தெறக்கணும். யார்கிட்டயாவது சொல்லி வைங்க" என்றான். வண்டியின் பின்கதவைத் திறந்து பம்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்தான். "நீங்களும் ஒக்காருங்க மேடம். தூரப் பயணம்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சிப்பாய்களும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பேசாமல் நின்றார்கள். ஒரு நிமிடம் முடிந்ததும் அவன்தான் முதலில் எழுந்தான்.