வெள்ளிக்கிழமை மட்டும் சில்லிடும் அறை

வைப்ரன் மாடியறையைச் சூடாக்கும் அந்த ரேடியேட்டருக்குச் செய்யாத பணிவிடை இல்லை. அடைத்திருந்த காற்றை வெளியேற்றினான், வால்வை மாற்றினான், அதற்குச் சுடுநீர் அனுப்பும் கொதிகலனுக்குத் தண்ணீர் ஏற்றினான். வீட்டில் படுக்கையறை என்று இருப்பது அந்த மாடியறை ஒன்றுதான். வாரநாளில் அவன் அங்கே படுக்கும்போது வெதுவெதுவென்று இருக்கும். லேவர்டனிலிருந்து மகள் ஃபென்னா வரும் வெள்ளிக்கிழமை பார்த்து அந்தச் சனியன் சில்லிட்டுப் போகும்.

விவாகரத்துக்குப் பிறகு மாதத்தில் இரண்டு வாரக் கடைசிகள்தான் அவனுக்கு மகள். அதற்கும் குளிர் உலை வைத்தது. இன்னொரு தடவை இப்படி விறைக்க நேர்ந்தால் இனி அம்மா வீட்டோடு இருந்துவிடுவேன் என்று போனமுறையே அவள் சொல்லிவிட்டாள்.

அதனால் இந்த வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டான். விறகு பிளந்து, ஹாலில் இருக்கும் இரும்பு அடுப்பை இந்தத் தடவை மத்தியானமே மூட்டி, பட்டாணி சூப்பும் வைத்தான். அவள் வந்து குளிர்காய்ந்து சாப்பிட்டு மேலே போனாள். அவன் வழக்கம்போல அடுப்போரம் சோபாவில் படுத்துக்கொண்டான். விடிந்ததும் மறக்காமல் இன்னொரு கட்டையைப் போட்டான்.

கோட்டும் தோள்பையுமாக அவள் இறங்கி வந்ததைப் பார்த்ததும் கிளம்பப் போகிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினான். ரேடியேட்டர் பனிக்கட்டியாக இருந்தது. ஆத்திரத்தில் ஒரு உதை விட்டான். கால்விரல் வலித்ததுதான் மிச்சம்.

பின்னாலேயே வந்த ஃபென்னா வாசலில் நின்றாள். "அத ஏம்பா ஒதைக்கிற? கீழ அடுப்ப எரியவிட்டா இது எப்படிச் சுடும்?"

அவன் விழித்தான். தெர்மோஸ்டாட் ஹாலில் அடுப்புக்கு எதிர்ச் சுவரில்தானே இருக்கிறது, ஹால் சூடானதும் வீடே சூடாகிவிட்டதென்று அது கொதிகலனை நிறுத்திவிடுகிறது என்று, ஏதோ ஊரறிந்த சங்கதிபோல அவள் சொன்னாள்.

வாரநாளில் அவன் அடுப்பையே மூட்டுவதில்லை. ஒற்றை ஆளுக்கு எதற்கு விறகு என்று விட்டுவிடுவான். அதை நினைத்ததும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"தெரிஞ்சிருந்துமா இத்தன நாள் சும்மா இருந்த?"

"உனக்கும் தெரியும்னுதான் நெனச்சேன். எனக்குக் குளிர்ந்தாலும் பரவால்ல, உனக்கு அடுப்போரம் படுக்கணும், அவ்ளோதான்னு."

"அடியே, நீ வரேன்னுதான்டி அத மூட்டுறதே," என்றான் வைப்ரன். குரல் கோபமாகத்தான் வந்தது.

ஃபென்னா பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே கட்டிலில் உட்கார்ந்து, அடுப்பை அணைத்தால் இந்த அறை சூடாக எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாள்.