மார்கழியின் கடைசிக் கிழமை

யோகராணி கடலுக்குப் போக முடிவெடுத்தது இது நாலாவது தடவை. முதல் மூன்று தடவையும் முடிவெடுத்ததோடு சரி.

குளிரைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ரொறன்ரோவில், மோர்னிங்சைட்டில் விடியற்காலை பஸ்ஸுக்கு நிற்கும்போது வெளியே மைனஸ் பதினைந்து என்றால், மில்லிக்கனில் அவள் வேலை செய்யும் தொழிற்சாலைக்குள் மைனஸ் இருபது. உறைந்த பட்டாணியையும் சோளத்தையும் பைகளில் அடைக்கிற வேலை. மற்றவர்கள் குளிர் தாங்காமல் கட்டடத்துக்குள் ஓடுவார்கள். அவளுக்குக் கட்டடத்துக்குள்தான் கூடக் குளிர். பதினாலு வருடமாக இதே கதை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் கோட்டைக் கழற்ற விரல் மடங்காது. வருடத்தில் ஏழு நாள், ஏழே ஏழு நாள், எலும்பு வரைக்கும் சூடேறக் கடற்கரையில் கிடக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை. அதுவும் தனியாக இல்லை, புருசனோடு.

அந்தப் புருசனில்தான் சிக்கலே இருந்தது. குலசிங்கம் தங்கமான மனிதர். குடி இல்லை, கோபம் இல்லை, யாருக்கும் மாட்டேன் என்று சொல்லத் தெரிந்த வாயும் இல்லை. அதிலும் அண்ணன் பத்மநாதன் கேட்டுவிட்டால் போதும், மனிதர் கையில் கார்த் திறப்போடு எழும்பி நின்றுவிடுவார். பத்மநாதன்தான் அவரைக் கனடாவுக்கு எடுத்துவிட்டவர். எடுத்துவிட்டு முப்பது வருடமாகிறது, இன்னும் இறக்கிவிடவில்லை.

முதல் வருடம் மாசியில் போவதாக இருந்தார்கள். பத்மநாதனின் மச்சான் மகனுக்குக் கலியாணம் வந்தது. இரண்டாம் வருடம் மார்ச் மாதத்தில் சொந்தக்காரப் பெண்ணொருத்தி பெரியவளாகிச் சாமத்தியவீடு. மூன்றாம் வருடம் பழைய மாணவர் சங்கத்து இராப்போசனம், பத்மநாதன் தலைவர், குலசிங்கம் கதிரை அடுக்குபவர். ஒவ்வொரு தடவையும் யோகராணி பெட்டியைத் திரும்ப நிலவறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, முந்நூறு பேருக்குப் பலகாரம் சுட்டாள். அவளுடைய பயித்தம் பணியாரத்துக்கு ஸ்காபரோவில் நல்ல பெயர். அந்தப் பெயரே அவளுக்கு வினையாகிவிட்டது.

இந்த முறை அவள் மூளையைப் பாவித்தாள். ஒட்டாவாவில் வேலை பார்க்கும் மகள் நிரூபா, மலிவான பயணங்களைத் தேடும் செயலியை டப்லெட்டில் போட்டுக் கொடுத்திருந்தாள். ஒக்டோபர் மாதம் முழுக்க யோகராணி அதையே தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், டப்லெட்டிலிருந்து கண்ணை எடுத்தவள், சுவரில் தொங்கிய தமிழ்க்கடைக் கலண்டரைப் பார்த்தாள். பிறகு டப்லெட்டைப் பார்த்தாள். பிறகு திரும்பவும் கலண்டரைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ," என்றாள். "இதை ஒருக்கா வந்து பாருங்கோ."

குலசிங்கம் வந்தார். "என்ன உது?"

"டொமினிக்கன், கடற்கரை ஹோட்டல். பிளேன், ரூம், மூண்டு நேரச் சாப்பாடு எல்லாம் சேர்த்து. நத்தார்க் கிழமை போனா ஒராளுக்கு ரெண்டாயிரத்துக்கு மேலை. வருசம் பிறந்து அடுத்த கிழமை போனா ஆயிரம்கூட இல்லை. பள்ளிக்கூடம் துவங்கினாப்போலை ஒருத்தரும் போறேல்லையாம்."

"மலிவுதான். ஆனா அந்த நேரம் பாத்து ஆற்றையும்…"

"பொறுங்கோ, நான் இன்னும் முடிக்கேல்லை. இப்ப உந்தக் கலண்டரைப் பாருங்கோ. மார்கழி. கலியாணம் வைக்க மாட்டினம், சாமத்தியவீடு வைக்க மாட்டினம், வீடு குடிபூர மாட்டினம். திருவெம்பாவை மூண்டாம் திகதியோடை முடியுது. பொங்கல் பதினாலு. ஆறாம் திகதி போய்ப் பதின்மூண்டு வந்தா, நடுவிலை எங்களை ஒருத்தரும் ஒண்டுக்கும் கூப்பிட ஏலாது."

குலசிங்கம் கலண்டர் நாட்களை விரல் வைத்து எண்ணிப் பார்த்தார். பதினாலு வருடமாக அவர் மனைவி பட்டாணி மட்டும்தான் அடைக்கிறாள் என்று நினைத்திருந்த மனிதர்.

"செத்தவீடு வந்தால்?" என்றார்.

"அதுக்கு நான் கடவுளோடை கதைக்கிறன்."

"அண்ணைக்கு ஒருக்காச் சொல்லிப்போட்டு…"

"போயிட்டு வந்து சொல்லுவம்," என்றாள். சொன்ன கையோடு தன் பெயரிலிருந்த கார்டின் இலக்கத்தைத் தட்டினாள். காசு திருப்பித் தரப்படமாட்டாது என்று திரையில் சிவப்பு எழுத்தில் வந்தது. வேறு யாரென்றாலும் அதோடு கையை எடுத்திருப்பார்கள். யோகராணிக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

பதினைந்து நாள் நிம்மதியாகப் போயிற்று. பதினாறாம் நாள் பத்மநாதன் வந்தார், சப்பாத்தைக் கழற்றும்போதே முகம் முழுக்கச் சிரிப்பு.

"எனக்கு அறுபது வருகுதடா தம்பி. அறுபதாம் கலியாணம் செய்யப்போறன். அஜின்கோர்ட்டிலை அந்தப் பெரிய ஹோல், ஜனவரி பத்து, சனிக்கிழமை. அரைவிலைக்குத் தாறான். ஏன் தெரியுமோ? மார்கழியிலை எங்கடை ஆக்கள் ஒருத்தரும் எடுக்கினமில்லை. நான்தான் அதைக் கண்டுபிடிச்சனான்."

தேநீர் கொண்டுவந்த யோகராணி தட்டோடு வாசலில் நின்றுவிட்டாள். அவள் கண்டுபிடித்த அதே மார்கழியை இந்த மனிதர் மறுபக்கத்தால் வந்து கண்டுபிடித்திருக்கிறாரே. இப்படி ஒரு எரிச்சல் அவளுக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

"முந்நூறு பேர்," என்றார் பத்மநாதன். "பலகாரம் ராணி பாத்துக்கொள்ளுவா, என்ன?"

"அதுக்கென்ன அண்ணை," என்றார் குலசிங்கம்.

பத்மநாதனின் கார் தெருமுனை திரும்பியது. குலசிங்கம் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"டிக்கெட்டை மாத்தேலாதோ?"

"ஏலாது."

"அண்ணைக்கு அறுபது ஒருக்காத்தானே வரும், ராணி."

"எனக்கு ஐம்பத்தைஞ்சு எத்தினை தரம் வரும்?"

யோகராணி அவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "நீங்கள் வராட்டி நான் தனியப் போவன். போய் வந்து உங்களுக்குச் சமைப்பன், எல்லாம் செய்வன். ஆனா முந்தி மாதிரி உங்களோடை இருக்க எனக்கு மனம் வராது. கோவத்திலை சொல்லேல்லை, உள்ளதைச் சொல்லுறன்."

குலசிங்கம் அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை. அவளுக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை.

மறுநாள் தொழிற்சாலையில் மத்தியான இடைவேளை. கையுறையைக் கழற்றி, தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு யோசித்தபோதுதான் அவளுக்கு அந்த விசயம் பட்டது. அறுபதாம் கலியாணம் என்றால் கேக் வெட்டுகிற பிறந்தநாள் இல்லையே. பிறந்த மாதத்தில் பிறந்த நட்சத்திரத்தில் செய்ய வேண்டிய சடங்கு. பத்மநாதனின் நட்சத்திரம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அர்ச்சனைத் துண்டில் தன் புருசனின் பெயருக்கும் முன்னால் அண்ணனின் பெயரைத்தான் எழுதுவாள், அப்படித்தான் அந்த வீட்டு வழக்கம். பத்மநாதன், புனர்பூசம். பிறந்தது தை மாதம்.

வீட்டுக்கு வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் கலண்டரைப் புரட்டினாள். தை மாதத்துப் புனர்பூசம் ஜனவரி முப்பத்தொன்றில் விழுந்தது. சனிக்கிழமை. யோகராணி ஒரு நிமிடம் கண்ணை மூடி நின்றாள். பிறகு தொலைபேசியை எடுத்தாள். பத்மநாதனுக்கு இல்லை, அவருடைய மனைவி கௌசிக்கு.

"அக்கா, கூறைச் சீலை எடுத்தாச்சோ?"

"எங்கையப்பா. உந்த நாடகங்களைப் பாத்துப்போட்டு, திரும்பத் தாலி கட்டப் போறன் எண்டு நிக்கிறார். ஹோல் மலிவாம்."

"தாலியோ அக்கா? அப்ப அது கேக் வெட்டுற பிறந்தநாள் இல்லையே. மார்கழியிலை தாலியோ?"

மறுமுனையில் கௌசி தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தாள். யோகராணி அவசரப்படவில்லை.

"ஐயர் என்ன சொன்னவர்?" என்று கேட்டாள்.

"ஐயரிட்டை இன்னும் கேக்கேல்லை. முதல் ஹோல், பிறகு ஐயர் எண்டு சொன்னவர்."

"நான் ஒண்டும் சொல்லேல்லை அக்கா. அத்தான்ரை நட்சத்திரம் தையிலை முப்பத்தோராம் திகதி வருகுது, சனிக்கிழமை. அடுத்த நாள் தைப்பூசம். உதைவிட நல்ல நாள் தேடினாலும் கிடையாது. கலண்டரிலை கண்டன், சொன்னன்."

"முப்பத்தைஞ்சு வருசத்திலை மார்கழியிலை நான் ஒரு தோடுகூட வாங்கினதில்லை," என்றாள் கௌசி. குரல் மாறியிருந்தது. "மார்கழியிலை வந்து கழுத்தை நீட்டச் சொல்லுறாரோ. வரட்டும் மனுசன் வீட்டை."

யோகராணி சொன்னதில் ஒரு சொல்லும் பொய் கிடையாது. அதுதான் அவளுக்கு ஆகப் பெரிய சந்தோசம். தொலைபேசியை வைத்துவிட்டு, தனக்கென்று இஞ்சி தட்டிப்போட்டு ஒரு தேநீர் வைத்துக் குடித்தாள்.

அடுத்த ஞாயிறு பத்மநாதன் திரும்ப வந்தார். போன தடவை கொண்டுவந்த சிரிப்பை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். ஐயரும் கௌசியும் ஒரே பக்கம் நின்றுவிட்டார்களாம். விழா முப்பத்தொன்றுக்கு மாறிவிட்டது, மண்டபம் முழுவிலை. யோகராணி குசினிக்குள் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். ஆனால் சிரிப்பு நீடிக்கவில்லை.

"சரி, அது போகட்டும்," என்றார் பத்மநாதன். "பத்தாம் திகதி எண்டு நினைச்சு அந்தக் கிழமை முழுக்க லீவு எடுத்திட்டன். அதை வீணாக்கக்கூடாது. வீடு வீடாய்ப் போய்க் கலியாணக் காட் குடுத்துச் சொல்லவேணும், அதுதான் மரியாதை. நீதான் கார் ஓடுறாய்."

யோகராணியிடம் இதற்குக் கலண்டர் இல்லை. காட் கொடுக்க எல்லா மாதமும் நல்ல மாதம்தான். அவளுக்குப் போட வேறு துருப்பும் இல்லை. சட்டிக் கைபிடியைப் பிடித்தபடி, முன்னறையிலிருந்து அந்த 'அதுக்கென்ன அண்ணை' வருவதற்காகக் காத்து நின்றாள். கண் கலங்கியது. வந்தால் தனியாகத்தான் போவது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

முன்னறையில் கதிரை நகரும் சத்தம் கேட்டது.

"அந்தக் கிழமை நான் இல்லை அண்ணை," என்றார் குலசிங்கம்.

"இல்லையெண்டால்?"

"டொமினிக்கனுக்குப் போறம். கடலுக்கு."

"ஆரோடை?"

"ராணியோடை."

பத்மநாதனுக்குப் பிடிபடவில்லை. லண்டனுக்குப் போனால் தங்கை வீடு, பாரிசுக்குப் போனால் சித்தப்பா வீடு. பயணம் என்றால் இன்னொரு வீட்டுச் சோபாவில் போய்ப் படுப்பது என்றே வாழ்ந்த மனிதர். "அங்கை ஆர் இருக்கினம் எங்கடை ஆக்கள்?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை. அதுக்குத்தான் போறம்."

"அப்ப காட்?"

"உங்கடை பக்கத்து வீட்டுக் கிளடிஸின்ரை மகன் லைசென்ஸ் எடுத்திட்டானாம், அவனைக் கேளுங்கோ. இல்லாட்டி வட்ஸ்அப்பிலை போடுங்கோ அண்ணை. உங்கடை அறுபதுக்கு நான் வருவன், கதிரை அடுக்குவன், எல்லாம் செய்வன். அந்தக் கிழமை மட்டும் கேக்காதேங்கோ." குலசிங்கத்தின் குரல் நடுங்கியது. ஆனால் உடையவில்லை.

குசினியில் யோகராணி சட்டியை விட்டுவிட்டாள். முப்பது வருடமாக மாட்டேன் என்று சொல்லாத வாய் சொல்லிவிட்டது, அதுவும் அவளுக்காக. விறைத்துப்போன அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. அண்ணன் இருந்தபடியால் இரண்டு தேநீர் வைத்து, புருசனுடையதில் சீனியை அதிகமாகப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பத்மநாதன் தேநீரைக் குடித்து முடிக்கும்வரை யோசித்தார். "எவ்வளவாம் ஒராளுக்கு?" என்றார். விலையைக் கேட்டதும் அவருடைய கண் விரிந்தது. "இன்னும் ரெண்டு இடம் இருக்குமோ?"

குலசிங்கம் திடுக்கிட்டு மனைவியைப் பார்த்தார்.

"நீங்கள் அறுபது முடிஞ்சாப்போலை போங்கோ அத்தான்," என்றாள் யோகராணி. "கௌசி அக்காவைத் தனியக் கூட்டிக்கொண்டு. அவவுக்கும் ஆசை இருக்கும்."

ஜனவரி ஆறாம் திகதி ரொறன்ரோவில் பனி கொட்டியது. பிளேன் ஒன்றரை மணித்தியாலம் பிந்தி எழும்பியது. ஒருவரும் சாகவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், யோகராணி கழுத்தளவு தண்ணீரில் நின்றாள். தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது, வெயில் தலையில் சுள்ளென்று அடித்தது, அவளுக்கு அது போதவில்லை. கரையில் குலசிங்கம் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு நின்று கையைக் காட்டினார்.

"ராணி, சாப்பாடு வைச்சிட்டாங்கள்."

"நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ."

"நீர் வரேல்லையோ?"

"எனக்குப் பசிக்கேக்கை சாப்பிடுவன்."

அவர் அசையாமல் நின்றார். கலியாணம் முடித்த இருபத்தெட்டு வருடத்தில், அவர் சாப்பிடப் போகும்போது அவள் எழும்பாமல் இருந்தது அன்றுதான். அவளும் அதை நினைத்தாள். நினைத்துவிட்டுத் தண்ணீருக்குள்ளேயே நின்றாள்.

குலசிங்கம் பத்தடி நடந்தார். பிறகு திரும்பி வந்தார்.

"அப்ப உமக்கு என்ன எடுத்துக்கொண்டு வர?" என்று கேட்டார்.

"மீன்," என்றாள் யோகராணி. "ரெண்டு துண்டு."

அவர் தட்டு எடுக்கப் போனார்.