தட்டு நிறைந்த பிறகும்

ஆய்வகத்து டெக்னீஷியன் அக்கா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே ஆய்வு மாணவியைக் கூப்பிட்டாள்.

“வாடி, வந்து பாரு. செல்லெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கு.”

“ஏறணும்க்கா. அதுதானே என்னோட அஞ்சு வருஷம்!”

ஆய்வகத் தட்டில் வளர்க்கும் ஒழுங்கான செல், தட்டு நிறைந்து பக்கத்துச் செல் இடித்ததும் பிரிவதை நிறுத்திக்கொள்ளும். அப்படி நிறுத்தும் ஒரு புரதத்தை மாணவி செல்லிலிருந்து நீக்கியிருந்தாள். செல்கள் நிற்கவில்லை. அதற்குத்தான் அடுத்த மாதம் முனைவர் பட்டத் தேர்வு.

“புரதத்தை எடுத்ததும் ஏறுச்சா?”

“இல்ல. நாலு மாசம் கழிச்சு.”

“நாலு மாசம் உக்காந்து யோசிச்சுதாக்கும்?”

மாணவி சிரிக்கவில்லை.

“பக்கத்துல புற்றுநோய்ச் செல்லும் வளர்த்தியே, ரெண்டுக்கும் ஊட்டத் திரவம் ஒரே பாட்டிலா?”

“திரவம் எடுக்கற பிப்பெட்டை மாத்தினேன்க்கா.”

“பாட்டிலைக் கேட்டேன்.”

“ஒரே ஒரு வாரம்… அவசரத்துல…”

“அதுல ஒரு செல் தவறி விழுந்தாப் போதும்டி. புரதம் இல்லாட்டியும் உன்னோடது மரியாதையா நின்னுடும். அது நிக்காமப் பெருகி, மொத்தத் தட்டையும் வளைச்சுப் போட்டுடும்.”

அன்றைக்கே மாணவி செல்களை வெளியே மரபணுச் சோதனைக்கு அனுப்பினாள். பத்தாம் நாள் வந்த அறிக்கையை அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் நின்றபடியே படித்தார். தட்டில் இருந்தது முழுக்கப் புற்றுநோய்ச் செல்.

“யாரைக் கேட்டு அனுப்பின?”

“சந்தேகமா இருந்துச்சு சார்.”

“பட்டம் வாங்கிட்டு சந்தேகப்பட்டிருக்கக் கூடாதா? கொஞ்சமாவது கூறு வேணாம்?”

“நம்ம கட்டுரை தப்பு சார்.”

“போன வருஷம் அது அச்சுல வந்தப்போ இனிச்சுதுல்ல? என் பேரும் அதுல இருக்கு.” அறிக்கையை மேசை இழுப்பறைக்குள் தள்ளினார். “நீ பார்க்கல. நானும் பார்க்கல.”

“கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கறோம்னு பத்திரிகைக்குக் காலையிலேயே எழுதிட்டேன் சார்.”

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“அப்போ தேர்வு கிடையாது. என்கிட்ட இருந்து சிபாரிசுக் கடிதமும் வராது. உன் நேர்மையை வெச்சு எங்கயாவது பொழைச்சுக்கோ.”

ஆய்வகத்தில் அக்கா அந்தத் தட்டுகளில் பிளீச்சிங் திரவத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள். மாணவி அலமாரியிலிருந்து தன் குறிப்பேடுகளை எடுத்துப் பைக்குள் வைத்தாள். எட்டுக்கு மேல் பை கொள்ளவில்லை.

“நான் பாட்டுக்கு வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும்டி.”

அக்கா எதிர்பார்த்த பதில் வேறு.

“ஆமாக்கா,” என்றாள் மாணவி, மீதிக் குறிப்பேடுகளைக் கையில் அடுக்கிக்கொண்டே. “இருந்திருக்கணும்.”