கேமராப் பிடியில் அகப்பட்ட சம்பந்திகள்

2024ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொன்று இருபதுக்கு, காரிமங்கலத்துத் திருமண மண்டபம் ஒன்றின் பெண்கள் பகுதியில், மணமகளின் தாயார் ஜாஸ்மினும் மணமகனின் தாயார் சாயிராவும் படமெடுக்கப்பட்ட மாத்திரத்தில் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டனர். பந்தி தொடங்கிவிட்டதால் எவரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. வலக்கை அகப்பட்டுக்கொண்ட சாயிராவுக்கு ஜாஸ்மின் பிரியாணி ஊட்டினார்.

படமெடுத்தவர் ஹாஜிரா. அந்த வட்டாரத்து நிக்காஹ் வீடுகளில் பெண்கள் பகுதிக்குள் கேமராவுடன் நுழைய அனுமதி பெற்றவர் அவர் ஒருவரே. பதினைந்தாண்டுப் பழைய கேமராவின் கைப்பிடி ரப்பர் அந்தக் கோடையில் இளகி, பாகுபோல் விரல்களைப் பற்றியது. அவருடைய கணவர் காஜா புளி வியாபாரி. புளி தட்டுவோர் கையில் பிசுக்கு ஏறாதிருக்க விளக்கெண்ணெய் தடவிக்கொள்வது வழக்கம். ஹாஜிரா அந்த எண்ணெயைக் கேமராவுக்கே தடவினார். மூன்று நாள், காலையும் மாலையும். எண்ணெயைக் குடித்த ரப்பர் கொழுத்தது. அதன் பிசுக்கு கைப்பிடியில் அடங்காமல் கண்ணாடி வழியே வெளியேறி, எதிரில் நின்றவர்களைச் சேர்ந்தது.

மணமகள் ஷாஜியாவுடன் இரு தாயாரும் ஒரே காரில் அரூர் சென்றனர். இடம் போதாமையால் மணமகன் பேருந்தில் சென்றான். நிச்சயதார்த்தத்தன்று பந்தியில் யார் முதலில் அமர்வது என்று மூண்ட சண்டைக்குப் பின் தாயார் இருவரும் பேசிக்கொண்டதில்லை. இப்போது ஒரே கட்டிலில் உறங்கி, ஒரே அடுப்பின்முன் நின்று, ஒரு குழம்புக்கு இருவேறு உப்புக் கணக்குச் சொன்னார்கள். ஷாஜியா தொலைபேசியில் ஹாஜிராவிடம் அழுதாள்.

“அக்கா, ஒரு மாமியாருன்னா சமாளிச்சுக்குவேங்க. எங்கம்மாவும் சேர்ந்து மாமியாராயிட்டாங்க. அவருகிட்ட ஒரு வார்த்த தனியா பேச முடியல.”

அதற்குள் மூன்று நிக்காஹ் வீட்டார் ஹாஜிராவை வர வேண்டாம் என்றனர். நான்காவது வீட்டாரும் அவ்வாறே சொன்னால், அந்தக் கதவுகள் தமக்கு இனித் திறவா என்பதை அவர் அறிந்திருந்தார். கேமராவைத் துணியில் சுற்றித் தருமபுரிக்கு எடுத்துச் சென்றார். பழுதுபார்க்கும் மாதேஷ் அதை முகர்ந்து பார்த்தான்.

“எண்ணெ போட்டீங்களா?”

“புளிக்குத் தடவறதுதானே?”

“இது புளியாங்க்கா? ரப்பருக்கு எண்ணெ ஆகவே ஆகாதுங்க. மெடிக்கல்ல ஸ்பிரிட்டு வாங்கி, பஞ்சுல தொட்டுத் துடைங்க. இந்த மாடலுக்குப் புது ரப்பரெல்லாம் இப்ப வரதில்ல.”

ஜூலை 6ஆம் நாள் சம்பந்திகள் இருவரும் ஹாஜிராவின் ஸ்டுடியோ பெஞ்சில் பக்கவாட்டாக அமர்ந்தனர். தோள்கள் ஒட்டிய இடத்தை ஹாஜிரா ஸ்பிரிட்டால் துடைக்கத் துடைக்கப் பஞ்சு கறுத்தது. தோள் விரற்கடை விரற்கடையாக விட்டது.

“மெதுவா துடைங்கம்மா, கூசுது,” என்றார் ஜாஸ்மின்.

மாலை நான்கு மணிக்கு இருவரும் பிரிந்தனர். நாற்பத்தொரு நாள்களில் அப்போதுதான் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டனர்.

“அந்தக் கன்னத்துலயும் மச்சம் இருக்குதா சம்பந்தி?” என்று வியந்தார் சாயிரா.

வெயிலில் இறங்கியபோது இருவருக்குமாக ஒரே நிழல் விழுந்தது. ஹாஜிரா மண்டியிட்டுத் தரையையும் ஸ்பிரிட்டால் துடைத்துப் பார்த்தார். தரை தூய்மையாயிற்று, நிழல் பிரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை இரு குடும்பத்தாரும் கூடி முடிவு செய்தவை வருமாறு. நிழல் திங்கள் முதல் வியாழன்வரை அரூரில் சாயிராவிடமும், மற்ற நாள்களில் காரிமங்கலத்தில் ஜாஸ்மினிடமும் இருக்கும். நிழல் இல்லாதவர் வெளியே செல்கையில் குடை பிடித்துக்கொள்வார். கேமராவின் ரப்பரை முழுவதும் உரித்தெடுத்துவிட்டுக் கைப்பிடியில் பருத்தித் துணி சுற்ற வேண்டும். ஹாஜிராவை முன்போலவே எல்லா நிக்காஹ் வீடுகளுக்கும் அழைக்கலாம். ஆனால் படத்தில் சம்பந்திகளுக்கிடையே ஒரு சாண் இடைவெளி இருக்க வேண்டும். அந்தச் சாணை ஹாஜிராவே தம் கையால் அளந்து நிறுத்துவார்.