பூச்சி அரித்த இடம்

அடைப்புக்குறி போட மறந்தது என் தப்பு, ஆட்டின் மேல் ஒரு தப்பும் இல்லை என்று ஹம்சவேணி நினைத்துக்கொண்டாள். எதிரே பக்கத்து வீட்டு நாகஜோதி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே நாகஜோதியின் வாசலில் ஆடு நின்றது. அது தின்பதில்லை, கத்துவதில்லை, மழையில் நனைவதுமில்லை. ஹம்சவேணி எழுதியதால் வந்த ஆடு அது. செல்லூரில் அந்தச் சந்துக்கே இது தெரியும்.

சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண்ணான ஹம்சவேணி, பசுமலையில் ஓர் இறையியல் கல்லூரி நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வுபெற்ற பாதிரியார் ஒருவரிடம் சிரியாக் என்னும் பழைய கிறிஸ்தவ மொழியைக் கற்று, வேதாகமத்தில் சேர்க்காமல் ஒதுக்கிய பழைய நூல்களைப் படிக்கத் தொடங்கியது தொண்ணூற்றிரண்டில். தள்ளுபடி ஆகமங்கள் என்று அவற்றுக்குப் பெயர். "ஆடித் தள்ளுபடி தெரியும். இது என்னக்கா, வருசம் பூராவுமா?" என்று நாகஜோதி கேட்டபோது, ஹம்சவேணி வீட்டில் தோசை தின்றுகொண்டிருந்த நாகஜோதியின் மகன் அருள்பாண்டிக்குச் சிரித்துப் புரையேறியது. பாதிரியார் இரண்டு விஷயங்களில் கண்டிப்பானவர். ஏட்டில் பூச்சி அரித்த இடத்தில் ஊகித்து எழுதும் சொல்லைச் சதுர அடைப்புக்குறிக்குள் வைக்க வேண்டும். வாய்விட்டுப் படிக்கும்போது ஓட்டை எவ்வளவு அகலமோ அவ்வளவு நேரம் பேசாமல் இருக்க வேண்டும்.

ஹம்சவேணி அப்படியே வீட்டில் வாய்விட்டுப் படித்தபோது, ஓட்டை வந்த இடங்களில் செல்லூர் விசைத்தறிகளின் சத்தம் நின்றது. தறி ஓடியது, நாடா பாய்ந்தது, துணியும் வளர்ந்தது. சத்தம் மட்டும் இல்லை. முதலில் மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். பிறகு எஸ்.டி.டி. போனில் வெளியூருக்குப் பேச வேண்டியவர்கள் அவள் எப்போது படிப்பாள் என்று கேட்டு வைத்துக்கொண்டார்கள்.

அவள் நகலெடுத்துத் தமிழாக்கி வந்த ஏட்டில் ஒரு விதவை, தான் இழந்ததையெல்லாம் சொல்லி, அவை எங்கே என்று வானதூதன் ஒருவனிடம் கேட்கிறாள். தூதனின் பதில்கள் பூச்சிக்குப் போயிருந்தன. ‘என் ஆடு எங்கே’ என்பதற்கு ஹம்சவேணி ‘வாசலில் நிற்கிறது’ என்று தமிழில் எழுதினாள். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் அடைப்புக்குறி விட்டுப்போயிற்று. வைகைக்குள் மேயப் போய்க் காணாமற்போயிருந்த நாகஜோதியின் ஆடு அன்று வாசலில் நின்றது. நின்றது, அவ்வளவுதான். எழுதியிருந்தது அதை மட்டும்தானே. பிறகு குறியைப் போட்டுப் பார்த்தாள், ஆடு போகவில்லை.

மாசியில் இன்னோர் ஆடு, காது கிழிந்து விலா எலும்பு தெரிய, சந்துக்குள் வந்து அந்த வாசலில் கத்தியது. தன் ஆடுதான் இருக்கிறதே என்று நாகஜோதி அதை விளக்குமாற்றால் விரட்டினாள். அது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. ஜன்னலில் நின்ற ஹம்சவேணி சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை.

அடுத்த வருடம் அருள்பாண்டி அம்மாவிடம் கோபித்துக்கொண்டு சைக்கிளில் போனான். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் சைக்கிள் கிடைத்தது. அவனைப் பற்றி ஒரு தகவலும் கிடைக்கவில்லை.

"அந்த ஏட்டுப் பொம்பளை பிள்ளையவும் கேட்டாளாக்கா?" என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த நாகஜோதி.

"கேட்டிருக்கா."

"அதுக்கு என்ன சொன்னாராம்?"

"அரிச்சிருச்சு."

"அப்ப எழுதுங்க. குறி போடாம எழுதுங்க. திங்காட்டி என்ன, பேசாட்டி என்ன. வாசல்ல நின்னாப் போதும், எனக்கு அம்புட்டுத்தான் வேணும்." பேனாவைத் திறந்து அவளே நீட்டினாள்.

ஹம்சவேணி வாங்கிக்கொண்டாள். அவளுக்கும் ஆசை இருந்தது. அருள்பாண்டி தன் வீட்டில் சாப்பிடும் தட்டை அவள் இன்னும் தனியாகத்தான் கவிழ்த்து வைக்கிறாள். இரண்டே சொல், கை எழுதிவிடும்போல் இருந்தது.

"போன வருசம் மாசியில ஒரு ஆட்டை வெரட்டினியே, காது கிழிஞ்சது. அதுதான் ஒன் ஆடு," என்றாள்.

நாகஜோதி வாசலைப் பார்த்தாள்.

"நான் எழுதினா ஒருத்தன் வந்து நிப்பான். அப்புறம் நெசமாவே அவன் வந்தான்னா?"

ஹம்சவேணி பேனாவை மூடினாள். விதவை தன் பிள்ளையைக் கேட்ட கேள்வியை வாய்விட்டுப் படித்து, ஓட்டையில் நிறுத்தினாள். செல்லூர் ஓசையற்றுப் போனது. நாகஜோதி மெல்ல எழுந்து, சந்தில் காலடி ஏதும் கேட்கிறதா என்று கதவருகே காதைக் கொடுத்து நின்றாள்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் அப்படித்தான். எஸ்.டி.டி. பேசுகிறவர்கள், நாகஜோதி காதுகொடுக்கும் அந்த ஓர் இடத்தில் மட்டும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். சில நாட்களில் நாகஜோதி, "இன்னைக்கு?" என்று பேனாவை நீட்டுவாள். ஹம்சவேணி அதை மூடியோடு திருப்பிக் கொடுப்பாள்.