ஏழாம் மரத்தின் தாகம்

ஏழாம் எண் மரத்தின் தாகம் தையற்காரருக்கு வந்தது ஒரு புதன்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. பள்ளிச் சீருடை ஒன்றுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தவர், எழுந்து சமையலறைக்குப் போய்க் குடத்தை அப்படியே தூக்கி வாயில் கவிழ்த்துக்கொண்டார். ஒரு சொட்டு சிந்தவில்லை. பிறகு பக்கெட்டில் இருந்ததையும் குடித்தார். மத்தியானத்துக்குள் எண்பது லிட்டர் உள்ளே போயிருந்தது. வயிறு உப்பவில்லை, எங்கும் அவசரமாக ஓடவுமில்லை. நாக்கு மட்டும் அட்டைபோலக் காய்ந்தே கிடந்தது. டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ரத்தம் எடுத்துப் பார்த்தார், கையை விரித்துவிட்டார்.

காரணத்தைக் கண்டுபிடித்தது அவர் மனைவிதான். நீர்வள அலுவலகத்தில் அளவெடுக்கும் வேலை அவளுக்கு. ஆற்றங்கரையில் பன்னிரண்டு மரங்கள் அவள் பொறுப்பு. தண்டில் செருகிய ஊசியை லேசாகச் சூடாக்கி, அந்தச் சூடு மேலே ஏறும் வேகத்தைப் பார்த்தால் மரம் எவ்வளவு குடிக்கிறது என்று தெரிந்துவிடும். மேலே அணை கட்டிய நாளிலிருந்து வெள்ளம் வந்து மண்ணைக் கழுவுவது நின்றுபோயிருந்தது. அக்கம்பக்கத்து வயல்களுக்குப் பாய்ச்சிய தண்ணீர் கீழே இறங்கி இறங்கி, நிலத்தடி நீர் வேரைத் தொடும் உயரத்துக்கு வந்துவிட்டது. வரும்போது மண்ணுக்குள் கிடந்த உப்பையெல்லாம் வாரிக்கொண்டு வந்தது. காலடியில் தண்ணீர் நிற்க, மரங்கள் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றன. ஏழாம் மரம் புதன்கிழமை பத்தேகாலுக்குக் குடிப்பதை முற்றிலும் நிறுத்தியிருந்தது. அடுத்த சில நிமிஷத்தில் அதன் தண்டுக்குள் மறுபடியும் நீர் ஏறியிருக்கிறது. மத்தியானம் வரை எண்பது லிட்டர். வேர் எதையும் உறிஞ்சவில்லை.

அவள் பொறியாளரிடம் போய் நின்றாள்.

“ஒரே ஒரு வாரம் அணையைத் திறந்துவிட்டாப் போதும் ஐயா. உப்பு கழுவிக்கிட்டுப் போயிடும். அவரு பொழைச்சுக்குவாரு.”

“அணையில தண்ணி இருந்தாத்தானேம்மா திறக்கறதுக்கு?” என்ற பொறியாளர், கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “என் தங்கச்சிக்கும் மூணு நாளா தாகம். அவளுக்கு எந்த மரம்னு கொஞ்சம் பாத்துச் சொல்றியா?”

அவள் அளவுக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்து, “நாலாவது” என்றாள்.

இரண்டு வருஷத்துக்குள் பன்னிரண்டு மரங்களுக்கும் ஆள் அமைந்துவிட்டது. மூன்றாம் மரம் ஓய்வுபெற்ற தபால்காரருடையது. அவருடைய மகன்கள் பொறுக்கமுடியாமல் ரம்பத்தோடு போய் அதை வெட்டிச் சாய்த்தார்கள். மரம் போனது, தாகம் போகவில்லை. குடித்த தண்ணீருக்குப் போக இடமில்லாமல் தபால்காரர் நாலே நாளில் வீங்கி இறந்தார். அதன் பிறகு யாரும் ரம்பத்தைத் தொடவில்லை. குழாயடியில் தாகக்காரர் வீட்டாருக்கு மற்றவர்கள் முணுமுணுக்காமல் முதலிடம் விட்டார்கள். தையற்காரர் பீப்பாயில் ஒரு குழாயைப் போட்டு, மறுமுனையை வாயில் வைத்துக்கொண்டே தைக்கப் பழகினார். ஊசியைப் பல்லில் கடிக்க முடியவில்லை என்பதுதான் அவருக்கு ஒரே குறை. அவள் வேலைக்குப் போகுமுன் பீப்பாயை நிரப்பினாள், வந்ததும் நிரப்பினாள். நிரப்புவதைத் தவிர அவளால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை.

“ரொம்பக் கஷ்டமா இருக்குதுங்களா?” என்று ஒருநாள் கேட்டாள்.

அவர் குழாயை வாயிலிருந்து எடுத்தார். “பழகிடுச்சு. சாயங்காலமானா ஏதோ குருவிங்க வந்து உக்கார்ற மாதிரி தோளெல்லாம் கூசுது, அவ்வளவுதான்.”

அடுத்த கோடையில், பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகள் பையைக்கூடக் கழற்றாமல் ஒரு குடத்தை ஒரே மூச்சில் காலி செய்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. அம்மா நேரே ஆற்றங்கரைக்கு நடந்தாள். உப்புப் பூத்த மண்ணில், எண் போடாத கன்று ஒன்று முழங்கால் உயரத்துக்கு நின்றது. நாலு இலை. நாலும் ஈரமாக மினுங்கின. அதன் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

“பெருசாம்மா?” என்றாள் மகள்.

“சின்னதுதான்டி கண்ணு. இப்போதைக்கு ஒரு குடம் போதும்.”

“வளருமா?”

“வளரும்” என்றாள். குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். வரிசையில் நின்றவர்கள் அவள் முகத்தைப் பார்த்து விலகி வழிவிட்டார்கள்.