கட்டாக்காலிக்குக் கண்ணீர் அஞ்சலி

1

இந்தக் கதை எனக்கு ஒரு பஸ் யன்னலால் கிடைத்தது. மாங்குளச் சந்தியில் பஸ் நின்றது. எதிர்ச் சுவரில் புதிதாக ஒட்டிய சுவரொட்டி. கறுப்பு வெள்ளையில் மூன்று முகங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர், எல்லாவற்றுக்கும் கீழே பெரிதாக 2018 – 2025. நடுவில் இருந்தவளை எனக்குத் தெரியும். தாட்சாயினி. பல்கலைக்கழகத்தில் இரசாயன ஆய்வுகூடத்தில் என் பக்கத்து மேசைக்காரி.

கடித்த பணிஸ் வாய்க்குள் அப்படியே இருந்தது.

எங்கள் பக்கத்தில் சுவரில் ஒட்டிய கறுப்பு வெள்ளை முகத்துக்கு ஒரே பொருள்தான். ஏழு வயதில் இறந்தவளுக்கு எப்படி முப்பது வயது முகம் என்று ஒரு விஞ்ஞானப் பட்டதாரி கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. சுவரொட்டியின் அடியில் சிறிய எழுத்தில் இன்னும் ஏதோ இருந்தது. அதை மறைத்துக்கொண்டு ஒரு மாடு நின்றது.

(மாடு உண்மை. அவர்களின் இசைக்குழுவுக்குக் கட்டாக்காலி, அதாவது அவிழ்த்துவிட்ட மாடு, என்று பெயர் எனத் தெரிந்த பிறகு அதை வெட்டிவிட நினைத்தேன், பொருத்தம் கூடிப்போய்விட்டது. ஆனால் அது அங்கேதான் நின்றது.)

2

தொடக்கங்கள்:

வன்னியின் முதலாவது றெகே-றொக் குழுவான ‘கட்டாக்காலி’

(முதலாவதா என்று எனக்குத் தெரியாது. விடுகிறேன்.)

தாட்சாயினி பேஸ் கிற்றாரை முதன்முதலாகத் தொட்டபோது அவளுக்குள்

(அவளுக்குள் என்ன நடந்தது என்று கேட்டேன். “விரல் நொந்தது” என்றாள்.)

சரி, நேராகச் சொல்கிறேன். கட்டாக்காலியில் மூன்று பேர். அனோஜன் பாடி, கிற்றார் வாசிப்பான். றிஷாட் ட்ரம்ஸ் வாசிப்பான், வானும் ஓட்டுவான். தாட்சாயினி பேஸ். அவர்களுக்குப் பின்னால் எந்தக் கம்பனியும் இல்லை. பாட்டும் சொந்தம், வானும் சொந்தம். ஏழு வருடமாக மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு என்று அந்த வானில் போய் வந்தார்கள். விளையாட்டு விழா, அறுவடை விழா, ஒருமுறை ஒரு மீன் சந்தைத் திறப்பு. எங்கே போனாலும் நாலாவது பாட்டில் சனம் சினிமாப் பாட்டுக் கேட்கும். அனோஜன் அதையும் றெகேயாகவே பாடுவான். பிறகு ஒருவரும் கேட்பதில்லை.

றெகேயில் பல பாட்டுகளுக்குத் தாளத்தின் நாலு அடியில் முதல் அடியை ட்ரம்ஸ் வாசிக்காது. அதை வெறுமையாக விட்டுவிட்டு, மூன்றாவதில் இறங்கும். முல்லைத்தீவில் ஒரு விழாக் குழுத் தலைவர் மேடைக்கே ஏறி வந்து றிஷாட்டிடம் சொன்னார்: “தம்பி, நீர் ஒவ்வொருக்காலும் பிந்துறீர்.”

“பிந்தேல்ல ஐயா. விட்டுட்டு வாறன்.”

“அப்ப விடாமல் வாரும்.”

தாட்சாயினியின் வீடு செட்டிகுளம் பக்கம். தகப்பன் அப்புத்துரை, தாய் நாகேஸ்வரி, நாலு ஏக்கர் வயல். அவள் வவுனியாவில் தண்ணீர் பரிசோதனை ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள் என்பது வீட்டுக்குத் தெரியும். அது உண்மைதான். நிகழ்ச்சி வந்தால் “கள வேலை” என்பாள்.

“மட்டக்களப்பிலயும் தண்ணி பழுதோ?” என்று தாய் கேட்பார்.

“ஓம் அம்மா. எல்லா இடமும் பழுது.”

பேஸ் கிற்றார் றிஷாட்டின் தாய் ஜொஹறாவின் அலுமாரிக்குள், சேலைகளுக்குப் பின்னால் இருந்தது. மூன்று பொடியளோடு* வானில் ஊர் ஊராகத் திரிகிறாள் என்று தெரிந்தால் வீட்டில் அன்றோடு நிற்பாட்டிவிடுவார்கள் என்று அவள் நம்பினாள். இந்தக் கதையில் அவளுக்கு இழக்க இருந்தது அந்தக் கிற்றார்தான்.

* இரண்டு பொடியள். ஆனால் ஊர் சொல்லும்போது மூன்றாகும்.

3

சனிக்கிழமை மாங்குளத்தில் ஏழாம் ஆண்டு நிகழ்ச்சி. அதுவரை அவர்களின் சுவரொட்டியில் ஒரு மாட்டுப் படம் மட்டுமே இருக்கும். இந்த முறை மூன்று முகமும் வரட்டும் என்று அனோஜன் தானே முடிவு செய்தான். மற்ற இருவருக்கும் சொல்லவில்லை, பார்த்துச் சந்தோசப்படட்டும் என்று. அச்சகத்தில் கலர் மெஷின் பழுது. அங்கிருந்த பொடியன் தன் கம்பியூட்டரில் வழமையாக வைத்திருக்கும் படச் சட்டத்துக்குள் மூன்று படத்தையும் போட்டுக் கொடுத்தான். அந்தச் சட்டத்தில் வழமையாக எவருடைய படம் வரும் என்று அனோஜன் யோசிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஏ9 வீதியில் ஒரு வான் லொறியோடு மோதியது. மூன்று இளம் ஆட்கள் இறந்தார்கள். ஒரு முகநூல் பக்கம் பெயர் இல்லாமல் செய்தி போட்டது. அதன் கீழே எவரோ சுவரொட்டியின் படத்தைப் போட்டார். மேல் பாதியை மட்டும், கீழே இருந்த நிகழ்ச்சி விவரம் இல்லாமல். வான், மூன்று பேர், மூன்று முகம்.

மத்தியானத்துக்கு முன் இரண்டும் ஒரே செய்தியாகிவிட்டன.

அந்த நேரம் மூவரும் மாங்குளத்தில் ஒரு பழைய நெல் களஞ்சியத்துக்குள் பயிற்சியில் இருந்தார்கள். பேஸ் கிற்றாரின் ஒலிபெருக்கியான அம்ப் மிகப் பழையது. பக்கத்தில் போன் இருந்தால் அதன் அலை ஏறி ‘டிரிக் டிரிக்’ என்று இரையும். ஆகவே பயிற்சிக்கு முன் மூன்று போனையும் நிற்பாட்டி ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் போட்டு மூடுவது அவர்களின் வழக்கம்.

(கதைக்கு வசதியாக நான் செய்த ஏற்பாடு என்று நினைப்பீர்கள். ஏழு வருடமாக அப்படித்தான்.)

தகரத்தைத் திறந்தபோது முதலில் றிஷாட் தாய்க்குப் போன் பண்ணினான்.

“எங்கடா நிக்கிறாய்?”

“மாங்குளம் உம்மா.”

“உசிரோடயோ?”

அவன் மற்ற இருவரையும் பார்த்தான். “ஓம் உம்மா.”

“அப்ப போனை எடுக்கிறதுக்கு என்ன கேடு உனக்கு?” சொல்லிவிட்டு ஜொஹறா அழத் தொடங்கினார். அழுகைக்கு நடுவில்தான் முகநூல் செய்தியைச் சொன்னார்.

தாட்சாயினி வீட்டுக்குப் போன் பண்ணினாள். பக்கத்து வீட்டு நேசமலர் எடுத்தார்.

“ஆர்?”

“நான் தாட்சா, அன்ரி. அம்மா எங்க?”

பிறகு போன் நின்றுவிட்டது. திரும்ப எடுத்தபோதெல்லாம் நிறுத்தியே இருந்தது. செத்தவள் போன் எடுக்கிறாள் என்று அவர் அதைக் குசினியில் அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டார்.

4

வான் வவுனியாவைத் தாண்டியது. பிறகு அனோஜன் சொன்னான், “நான் கலரிலதான் கேட்டனான்.”

“நடுவில கோடு ஆர் போடச் சொன்னது?” என்றாள் தாட்சாயினி.

“எந்தக் கோடு?”

“ரெண்டு வருசத்துக்கும் நடுவில.”

அவன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வீட்டு ஒழுங்கைக்கு முன்னால் மதகடியில் றிஷாட் வானை நிற்பாட்டினான். வேலிகளில் வெள்ளைக் கொடி கட்டியிருந்தது. சனசமூக நிலையத்துக் கதிரைகள் உழவு மெஷினில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன.

“சனிக்கிழமைக்கு இந்தக் கதிரையளைத்தான் கேட்டனான்” என்றான் றிஷாட். “ஒண்டும் இல்லையெண்டவங்கள்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கச் சொல்லவில்லை. அவள் இறங்கி, வேலியோரம் நடந்தாள்.

5

இங்கே எனக்கு அவள்மேல் சந்தேகம் வருகிறது.

முதலில் எழுதியதில் இப்படி இருந்தது: தாயின் அழுகை கேட்டதும் தாட்சாயினி ஓடினாள். ‘அம்மா’ என்று கத்திக்கொண்டு

அதை அவளிடம் வாசித்துக் காட்டினேன். “ஓடேல்ல” என்றாள். “நிண்டனான்.”

“எவ்வளவு நேரம்?”

“நீர் நினைக்கிறதைவிடக் கூட.”

அவள் ஏன் நின்றாள் என்பதற்கு அன்று அவள் கேட்டதை நான் எழுத வேண்டும். நாகேஸ்வரி ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்தார். மகள் பூவரசு மரத்துக்குப் பின்னால், கிடுகு வேலிக்கு இந்தப் பக்கம். தன் சாவுக்குத் தன் தாய் அழுவதை அவள் கேட்டாள்.

வேலைக்குப் போறாள் எண்டு ஊருக்குச் சொன்னனே
பைக்குள்ள சுருண்டு கிடந்த கம்பியை வளையல் எண்டு எடுத்தனே
வளையல் இல்லையெண்டு தெரிஞ்சும்
எடுத்த இடத்தில வைச்சனே, என்ர ராசாத்தி

பேஸ் கம்பி தடிப்பானது, சுருட்டி வைத்தால் வளையல் போலத்தான் இருக்கும். அப்படி ஒன்று அவள் பையில் கிடந்தது நாலு வருடத்துக்கு முந்தி.

கிளினிக் துண்டோட ரவுணில நிண்டனே
சனத்துக்குப் பின்னால நிண்டு பார்த்தனே
குனிஞ்சு குனிஞ்சு வாசிச்சியே, என்ர பிள்ளை
ஒருக்கா நிமிர்ந்திருந்தாக் கண்டிருப்பியே

ரவுண் என்றால் வவுனியா நகரம், அங்கே அறுவடை விழா. அன்று அவள் வீட்டுக்குச் சொன்னது திருகோணமலைக் கிணறுகள். அவள் எப்போதும் குனிந்துதான் வாசிப்பாள். சனத்தைப் பார்த்தால் விரல் பிழைக்கும்.

இறந்துவிட்டாள் என்ற செய்தி அவளுக்கு அதிர்ச்சியாக இருக்கவில்லை, அது பொய் என்று அவளுக்குத் தெரியும். இதுதான் உண்மை. தாய்க்குத் தெரியும். எல்லாமே தெரியும். ஏழு வருடம் ஒருத்தி பொய் சொன்னாள், மற்றவர் அதில் நாலு வருடமாவது அந்தப் பொய்யைக் கவனமாகக் காப்பாற்றினார்.

இப்போதாவது உள்ளே போயிருக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் தாய் நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தார். ஆனால் அடுத்த வரி எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப்போகிறது என்று தாட்சாயினிக்குத் தெரிந்துவிட்டது. அந்த வாசிப்பு அம்மாவுக்குப் பிடித்ததா? வேறு எவரிடமும் அவள் இதைக் கேட்க விரும்பியதில்லை. உயிரோடு போய்க் கேட்டால் பதில் வராது.

அவள் நின்றாள்.

(அழிக்கவா என்று கேட்டேன். “வேண்டாம்” என்றாள்.)

அந்தச் சத்தம் என்ர நெஞ்சில

தேத்தண்ணித் தட்டோடு வந்த நேசமலர் வேலிக்கு மேலால் அவளைக் கண்டார். தட்டு விழுந்தது. ஒப்பாரி நின்றது.

6

நாகேஸ்வரி எழும்பி வந்தார். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார். நிலத்தில் முட்டுகிறதா என்று.

பிறகு கன்னத்தில் அடித்தார். பிறகு அடித்த இடத்தைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டார். விடவேயில்லை.

“செருப்பை எங்க விட்டனி?” என்றார்.

அவள் வெறுங்காலோடுதான் வாசிப்பாள். செருப்பு நெல் களஞ்சியத்தில் கிடந்தது.

நேசமலருக்குக் கொஞ்ச நேரத்தில் கதை திரும்பியது. “செத்ததாக் கதை வந்தா ஆயுசு கூடுமாம், பிள்ளை. இனி நீ எங்கள் எல்லாரையும் எடுத்துப்போட்டுத்தான் போவாய்.”

உடலைப் பொறுப்பெடுக்க வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போன அப்புத்துரை பின்நேரம் திரும்பி வந்தார். மகள் விறாந்தையில் இருப்பதைப் பார்த்தார். சேர்ட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போய், செத்த வீட்டால் வந்தவர் போலத் தலையில் தண்ணீர் வார்த்தார். ஈரத்தோடு வந்துதான் சொன்னார்:

“அங்க மூண்டு பிள்ளையள் கிடக்குதுகள். துணியைத் தூக்கித் தூக்கிக் காட்டினாங்கள்.”

(இந்த வரிக்குப் பிறகு ஒரு பந்தி எழுதினேன். அந்த மூன்று வீடுகளிலும் ஒப்பாரி இடையில் நிற்கவில்லை என்பதைப் பற்றி. எடுத்துவிட்டேன். எனக்கு அந்த வீடுகளைத் தெரியாது.)

7

வியாழக்கிழமை அவள் தாயிடம் போனாள். நாகேஸ்வரி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

“அம்மா, சனிக்கிழமை மாங்குளத்தில...”

“சனிக்கிழமை கள வேலையோ?”

“இல்லை. கள வேலை இல்லை.”

துருவுகிற சத்தம் நிற்கவில்லை.

“அம்மா, அண்டைக்கு நீங்கள் கடைசியாச் சொல்ல வந்தது...”

“செத்த வீட்டில சொன்னதைப் பிறகு கேக்கப்படாது.”

“நான் சாகேல்லையே.”

“சொன்னது சொன்னதுதானே. கேக்கப்படாது.”

எங்கள் ஊரில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. ஒப்பாரியில் மாமியாரைத் திட்டலாம், புருசனைத் திட்டலாம், எவரும் அறியாததைச் சொல்லலாம். மறுநாள் அதை எடுத்து ஒருவரும் கதைக்க மாட்டார்கள். அதனால்தான் அங்கே உண்மை வருகிறது.

தாய் தேங்காய்ப் பாதியை மாற்றினார். “போறதெண்டால் செருப்பைப் போட்டுக்கொண்டு போ.”

அது சம்மதமா என்று தாட்சாயினி என்னிடம் கேட்டாள். நான் இரசாயனம் படித்தவள். நிறம் மாறினால் மட்டும்தான் எனக்குத் தெரியும்.

8

முடிவுகள்:

(அ) நாகேஸ்வரி சனிக்கிழமை மாங்குளத்துக்கு வருகிறார். முன் வரிசை, சனசமூக நிலையத்துக் கதிரை. எழுதிப் பார்த்தேன். அவர் முன் வரிசையில் இருக்கிற ஆள் இல்லை.

(ஆ) தாட்சாயினி வேலிக்குப் பின்னால் நின்றதைத் தாயிடம் சொல்லுகிறாள். அதன் பிறகு பேஸைத் தொடுவதில்லை. இதை வாசித்துவிட்டு அவள், “உமக்கு என்னில என்ன கோபம்?” என்றாள். விட்டுவிட்டேன்.

(இ) உண்மையில் நடந்தது. எனக்குத் தெரிந்த அளவுக்கு மட்டும்.

சனிக்கிழமை மாங்குளத்தில் சனம் ஒருநாளும் இல்லாத அளவு. செத்தவர்களைப் பார்க்க வந்த சனம். அனோஜன் வாய் திறந்து, “நாங்கள் இன்னும்” என்று தொடங்கி, அதை முடிக்காமல் பாட்டின் பெயரைச் சொன்னான். றிஷாட் தடியை உயர்த்தினான். தாட்சாயினி வெறுங்காலோடு நின்றாள், செருப்பு பேஸ் அம்ப்புக்குப் பக்கத்தில் சோடியாக இருந்தது. வழக்கம்போல் குனிந்து விரலைக் கம்பியில் வைத்தாள்.

முதல் அடியை அந்தப் பாட்டு விட்டுவிடும். அந்த இடைவெளியில் அவள் நிமிர்ந்தாள். சனத்துக்குப் பின்னால், சந்திப் பக்கம் பார்த்தாள். பார்த்தபடியே வாசித்தாள். ஒரு இடத்தில் விரல் பிழைத்தது.

நானும் அங்கே நின்றேன். எனக்குப் பின்னால் எவர் நின்றார் என்று திரும்பிப் பார்க்கக் கூச்சம். அவளிடமும் கேட்கவில்லை. பேஸின் ஆகத் தாழ்ந்த சுருதிக் கம்பி செக்கனுக்கு நாற்பத்தொரு தரம் அதிரும். அது காதுக்கு முன் உடம்புக்குத்தான் வரும். எனக்கும் வந்தது. எந்த இடத்தில் என்று எழுதத் தெரியவில்லை.

இந்தக் கதையில் நான் விட்ட வரிகளை எல்லாம் முடித்துவிடலாம், ஒன்றைத் தவிர. அதை முடிக்கத் தெரிந்தவரிடம் கேட்கப்படாது. ஆகவே அது நின்ற இடத்திலேயே உங்கள் கையில் தருகிறேன்.

அந்தச் சத்தம் என்ர நெஞ்சில